கிழவரும் மானும்

மான் வேட்டை என்றதும் உங்களுக்கு யார் யார் ஞாபகம் வருகிறார்கள்? பொன்மானைத் துரத்திக்கொண்டு போன ராமன் வருவான். மான் உருவில் இருந்த ரிஷியின்மேல் அம்பு எய்து, சாபத்தை வாங்கிக் கட்டிக்கொண்ட பாண்டு வருவான். இருட்டில் தண்ணீர் மொள்ளும் சத்தத்தைக் கேட்டு, 'யானைதான் தண்ணீர் குடிக்கிறது' என்று பாணத்தை விட்ட தசரதன் வருவான். நம் கதைகளில் வேட்டைக்குப் போன ராஜா எவனாவது நிம்மதியாக வீடு திரும்பியிருக்கிறானா, சொல்லுங்கள்! தசரதன் வாலிபத்தில் விட்ட அம்பு, வயோதிகத்தில் அவனையே அல்லவா வந்து தைத்தது?

ஆனால், வயோதிகத்திலேயே வேட்டைக்குப் புறப்படுகிறவர்களைப் பற்றி எந்தப் புராணமும் சொல்லவில்லை. எழுபது வயதுக்கு மேல், துணைக்கு ஒரு ஈ காக்கை இல்லாமல், உறைபனி மூடிய காட்டுக்குள் தன்னந்தனியாக மான் தேடிப் போகிற கிழவர்களைப் பார்க்க வேண்டுமென்றால், நவம்பர் மாதக் கடைசியில் அமெரிக்காவின் விஸ்கான்ஸின் மாநிலத்துக்குப் போக வேண்டும்.

வாருங்கள், போய் வருவோம். கம்பளிச் சட்டை ஒன்று போதாது, இரண்டாக எடுத்துக்கொள்ளுங்கள்.

140 அடி மீன்

அமெரிக்காவின் படத்தை விரித்து வைத்துக்கொண்டால், வடக்கே கானடாவை ஒட்டி ஐந்து பெரிய ஏரிகள் தெரியும். அவற்றில் சுப்பீரியர் ஏரியை வடக்கிலும் மிச்சிகன் ஏரியைக் கிழக்கிலும் எல்லையாக வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது விஸ்கான்ஸின். பரப்பில் நம் தமிழ்நாட்டைவிடச் சற்றுப் பெரியது. ஜனத்தொகையோ 60 லட்சத்தைக்கூட எட்டவில்லை. நம்மில் பத்தில் ஒரு பங்கு இல்லை! மீதி இடத்தையெல்லாம் யார் எடுத்துக்கொண்டார்கள் என்கிறீர்களா? தெற்கே பசு மாடுகள், வடக்கே மரங்கள்.

நான் போனது வடக்கே, ஹேவர்ட் என்ற சிறிய ஊருக்கு. மினியாபொலிஸ் நகரத்திலிருந்து சுமார் 140 மைல். அந்த ஊருக்கு ஒரு விசேஷம் உண்டு. அங்கே மீன்பிடிக் கலைக்கென்று ஒரு பொருட்காட்சிசாலை இருக்கிறது. அதன் கட்டிடமே ஒரு மீன்! நீளம் 140 அடிக்கு மேல். அதன் வயிற்றுக்குள் படியேறிப் போய், வாய்க்குள்ளே நின்று ஊரை வேடிக்கை பார்க்கலாம். கோடைக் காலத்தில் வருகிறவர்கள் அதைப் பார்த்துவிட்டு, ஏரியில் படகு விட்டுவிட்டுத் திரும்பிப் போய்விடுவார்கள்.

நவம்பரில் வருகிறவர்கள் வேறு ஜாதி. அவர்கள் கண் மீன்மேல் இல்லை. ஊருக்கு வெளியே தொடங்கும் 'ஷெவாமகன்-நிக்கோலே' தேசிய வனத்தின்மேல் இருக்கிறது. பெயரை உச்சரிக்க முடியவில்லை என்று கவலைப்படாதீர்கள். அதன் ஆங்கில எழுத்துக்களைப் பார்த்துவிட்டு அமெரிக்கர்களே விழிக்கிறார்கள்! பல துண்டுகளாக 15 லட்சம் ஏக்கர் பரந்து கிடக்கும் காடு. வெள்ளைப் பைன், மேப்பிள், ஹெம்லாக் மரங்கள். நடு நடுவே கால் வைத்தால் முழங்கால் வரை இழுக்கும் சதுப்பு நிலங்கள்.

ஒன்பது நாள் திருவிழா

நவம்பர் மாதத்தின் நான்காவது வியாழக்கிழமை அமெரிக்கர்களுக்கு 'நன்றி நவிலல்' பண்டிகை. அதற்கு முந்திய சனிக்கிழமை, சூரியோதயத்துக்கு அரை மணி முன்பாக, விஸ்கான்ஸினில் துப்பாக்கி மான் வேட்டை ஆரம்பமாகிறது. மொத்தம் ஒன்பதே நாள். இந்த ஒன்பது நாளுக்காக ஏறத்தாழ ஐந்தரை லட்சம் பேர் லைசென்ஸ் வாங்குகிறார்கள். பொங்கலுக்கு முந்தின இரவு நம் பட்டணத்து பஸ் நிலையத்தைப் பார்த்திருக்கிறீர்கள் அல்லவா? வெள்ளிக்கிழமை மாலை வடக்கே போகும் சாலைகள் எல்லாம் அப்படித்தான்.

அத்தனை பேரும் ஒரே நிறம் — கண்ணைப் பறிக்கும் ஆரஞ்சு! இடுப்புக்கு மேலே போடும் உடுப்பில் பாதிக்குக் குறையாமல் அந்த நிறம் இருக்க வேண்டும். தொப்பி போட்டால் தொப்பியிலும் இருக்க வேண்டும். இது சட்டம். 2016 முதல் பளீரென்ற இளஞ்சிவப்பும் போடலாம் என்று சலுகை கொடுத்திருக்கிறார்கள். 'இப்படிப் பளபளவென்று போனால் மான் ஓடிவிடாதோ?' என்று கேட்கத் தோன்றும். அங்கேதான் இருக்கிறது சூட்சுமம். மானின் கண்ணுக்கு ஆரஞ்சு நிறம் நமக்குத் தெரிவது போல் எடுப்பாகத் தெரியாது; காட்டின் மங்கலோடு மங்கலாகப் போய்விடும். சக மனிதன் கண்ணுக்கோ தீப்பந்தம் மாதிரி தெரியும். உடுப்பு மானுக்காக அல்ல, மனிதனுக்காக.

வேட்டைப் பாடசாலையும் உண்டு. 1973 ஜனவரி முதல் தேதியிலோ அதற்குப் பின்னரோ பிறந்தவர்கள் பயிற்சி பெற்றுச் சான்றிதழ் வாங்கினால்தான் லைசென்ஸ். அங்கே சொல்லிக்கொடுக்கும் முக்கியமான பாடம் என்ன தெரியுமா? 'எதைச் சுடுகிறாய், அதற்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று கண்ணால் பார்க்காமல் சுடாதே.' தசரத மகாராஜா அந்தப் பள்ளிக்கூடத்தில் ஒருநாள் உட்கார்ந்திருந்தால் ராமாயணமே இல்லாமல் போயிருக்கும்!

அந்தத் தேதிக்கு முன்னால் பிறந்த கிழவர்களுக்குச் சான்றிதழ் வேண்டியதில்லை. அவர்களுக்கு அப்பாவே வாத்தியார்.

சுடலாமா, கூடாதா?

நம் தேசத்தில் 1972-ஆம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்த பிறகு, மானைச் சுட்டவன் சிறைக்குப் போக வேண்டியதுதான். கிண்டியில் புள்ளிமானைப் பார்த்து மகிழ்ந்த கண்ணோடு அங்கே போனால் மனம் துணுக்குறத்தான் செய்யும். ஆகவே இந்த விஷயத்தைக் கொஞ்சம் விளக்கிவிடுகிறேன்.

அந்த ஊர் மான், வெண்வால் மான். பயந்து ஓடும்போது வாலைத் தூக்கும். வாலின் அடிப்பக்கம் வெள்ளைக் கொடி போல் தெரியும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் மரத்தையும் வெட்டி, மானையும் கணக்கில்லாமல் சுட்டு மார்க்கெட்டுக்கு அனுப்பியதில், அந்த இனம் அருகிப்போயிற்று. பிறகு அரசாங்கம் விழித்துக்கொண்டது. 1915-இல் ஆளுக்கு ஒரு கலைமான்தான் என்று கட்டுப்பாடு வந்தது. பெண் மானைத் தொடக் கூடாது. இதற்கிடையில் ஓநாய்களையும் விடாமல் வேட்டையாடி ஒழித்துக்கொண்டிருந்தார்கள். மானைத் தின்ன ஆள் இல்லை. மான் பெருகிற்று. பெருகின மான், இளங்கன்று மரங்களையெல்லாம் மேய்ந்து தீர்த்துவிட்டு, பனிக்காலத்தில் பட்டினி கிடந்து கூட்டம் கூட்டமாகச் செத்தது.

இதை எடுத்துச் சொன்னவர் ஆல்டோ லியோபால்ட் என்பவர். 1933 முதல் விஸ்கான்ஸின் சர்வகலாசாலையில் பேராசிரியர். இளமையில் அரிஸோனாவில் வன அதிகாரியாக இருந்தபோது, ஓநாயைக் கண்டால் சுட்டுத் தள்ளியவர். ஓநாய் குறைந்தால் மான் பெருகும் என்று நம்பியவர். வயது ஏற ஏற அவருடைய எண்ணம் தலைகீழாக மாறிற்று. ஓநாய் இல்லாத மலை, மானாலேயே அழியும் என்று கண்டுகொண்டார். 1943-இல் மாநிலத்தின் இயற்கைப் பாதுகாப்புக் குழுவில் அங்கத்தினரானதும், 'பெண் மானையும் ஓரளவு குறைக்கத்தான் வேண்டும்' என்று வாதாடினார். கேட்க வேண்டுமா! ஜனங்கள் அவரை வசைமாரி பொழிந்து தீர்த்தார்கள். 1948 ஏப்ரல் மாதம், தம் பண்ணைக்கு அடுத்த நிலத்தில் பற்றிய புல் தீயை அணைக்க ஓடினார். அங்கேயே மாரடைப்பு வந்து உயிர் நீத்தார். வயது 61. அவர் எழுதி வைத்திருந்த புத்தகம் மறு வருஷம் வெளிவந்து, இன்றைக்கும் விற்பனையாகிறது.

வேட்டைக்காரனைப் பற்றி லியோபால்ட் வற்புறுத்திய ஒரு விஷயம் உண்டு. மற்ற விளையாட்டுகளில் கைதட்டவும் கண்டிக்கவும் கூட்டம் இருக்கிறது. காட்டில் இருப்பவனுக்கு அவன் மனச்சாட்சிதான் கூட்டம். தனியாகப் போகும் கிழவர்களைப் பார்த்த பிறகுதான் அதன் முழு அர்த்தமும் எனக்கு விளங்கிற்று.

இன்றைக்கு விஸ்கான்ஸினில் 15 லட்சத்துக்கும் அதிகமான மான்கள். ஒன்பது நாளில் ஒன்றரை லட்சம் முதல் இரண்டு லட்சம் வரை சுடப்பட்டும் குறைந்தபாடில்லை. இராத்திரியில் கார் ஓட்டுகிறவர்கள் ஓநாய்க்குப் பயப்படுவதில்லை, மானுக்குத்தான் பயப்படுகிறார்கள்.

ஏழு கட்டில்; ஓர் ஆள்

என்னை உபசரித்த பெரியவருக்கு வயது 73. பெயர் வேண்டாம், அவர் பெயரைப் பத்திரிகையில் பார்க்க ஆசைப்படுகிறவர் அல்ல. காகித ஆலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். காட்டோரத்தில் மரத்தாலான ஒரு குடில். உள்ளே சுவரோரமாக அடுக்குக் கட்டில்கள், ஏழு பேர் படுக்கலாம். வேட்டைக் குடில் என்பது அந்த நாட்டில் ஒரு சம்பிரதாயம். தகப்பன், மகன், சித்தப்பன், மைத்துனன், ஆலையில் கூட வேலை பார்த்தவன் எல்லோரும் அந்த ஒன்பது நாளைக்கு ஒன்றாகக் கூடிச் சமைத்து, சீட்டாடி, பொய் பேசி, வேட்டையாடுவார்கள்.

"இப்போது மற்றக் கட்டில்களெல்லாம்?" என்று கேட்டேன்.

அவர் ஒவ்வொன்றாகக் காட்டினார். "அது அப்பாவுடையது. அது அண்ணனுடையது. இவர்கள் இரண்டு பேரும் கல்லறைத் தோட்டத்தில் அடுத்தடுத்து இருக்கிறார்கள். அந்த மேல்கட்டில்காரனுக்கு முழங்கால் போயிற்று. ஃப்ளோரிடாவில் வெயில் காய்கிறான். இவை இரண்டும் என் பையன்களுடையவை. பெரியவன் டெக்ஸாஸில், சின்னவனுக்கு லீவு கிடைக்கவில்லை."

சொன்ன விதத்தில் புலம்பல் இல்லை. வருகைப் பதிவேடு வாசிப்பது போல வாசித்தார். தனியாக வேட்டையாட வேண்டும் என்று ஆசைப்பட்டு யாரும் தனியாளாவதில்லை. ஒவ்வொரு வருஷமும் ஒரு கட்டில் காலியாகிறது. ஒரு வருஷம் பார்த்தால் மிச்சம் இருப்பது ஒரே ஆள்தான்.

மரத்திலிருந்து தரைக்கு

வெள்ளிக்கிழமை பகலில் என்னைக் காட்டுக்குள் அழைத்துப்போய், மறுநாள் தாம் உட்காரப்போகும் இடத்தைக் காட்டினார். போகும் வழியெல்லாம் அவருடைய ஜீவிய சரித்திரம் மரங்களில் எழுதியிருந்தது.

மூன்று மைல் தள்ளி ஒரு குன்று. "இருபது வயதில் அதன் உச்சிவரை ஓடுவேன். நாலு பேர் ஒரு பக்கமிருந்து மானைக் கலைத்து வருவார்கள், மூன்று பேர் மறு பக்கம் காத்திருப்போம்" என்றார். அதற்கு இப்பால், பதினைந்து அடி உயரத்தில் ஒரு மேப்பிள் மரத்தில் துருப்பிடித்த ஏணியும் பலகையும். "நாற்பது வயதில் அங்கே உட்கார்ந்தேன். அறுபத்தாறில் இறங்கிவிட்டேன்" என்றார். அதுதான் புத்தி. அந்த நாட்டு வேட்டையில் பலமான காயத்துக்கு முக்கியக் காரணங்களில் ஒன்று, இப்படி மரத்தில் கட்டிய பரணிலிருந்து விழுவது. உடம்பைச் சுற்றிப் பட்டைவார் கட்டிக்கொள்ளாமல் ஏறக் கூடாது என்று படித்துப் படித்துச் சொல்கிறார்கள். கேட்கிறவர் எத்தனை பேர்?

இப்போது அவர் இடம் தரையில், ஒரு பெரிய ஹெம்லாக் மரத்தின் அடியில். முதுகுக்கு மரம், உட்கார மடக்கு முக்காலி. முன்னால் மான்தடம் ஒன்று வளைந்து போகிறது. காரை நிறுத்தும் மண்சாலை அங்கிருந்து 400 கஜம், அதுவும் இறக்கம்!

"இறக்கத்தைக் கவனித்தீர்களா? வாலிபத்தில் மான் எங்கே இருக்கும் என்று பார்த்து இடம் பிடிப்போம். இப்போது மானை எங்கிருந்து இழுத்து வர முடியும் என்று பார்த்துப் பிடிக்கிறேன்" என்றார்.

நேயர்களே, மான் வேட்டையில் சுடுவது ஒரு நிமிஷ வேலை. அதற்குப் பிறகுதான் வேலையே இருக்கிறது. நல்ல கலைமான் 150 ராத்தலுக்கு மேல் இருக்கும்; குடலை நீக்கினாலும் நூற்றுச் சொச்சம் ராத்தல் நிற்கும். அதைக் கயிற்றில் கட்டிப் பனியிலும் புதரிலும் இழுத்து வர வேண்டும். குளிர் இரத்தக் குழாயைச் சுருக்குகிறது. கனம் இருதயத்தை விரட்டுகிறது. மானைக் கண்ட பரபரப்பு வேறு. பக்கத்து மாநிலமான மிச்சிகனில் வைத்தியர்கள் 25 ஆண்களுக்கு இருதயத் துடிப்பைப் பதியும் கருவியைக் கட்டி மான் வேட்டைக்கு அனுப்பினார்கள். 2007-இல் முடிவை வெளியிட்டார்கள். பெரும்பாலோருடைய துடிப்பு அபாயக் கோட்டை நெருங்கிற்று. சிலருக்கு, ஆஸ்பத்திரியில் ஓடு இயந்திரத்தில் உச்சபட்சமாக ஓடியபோது இருந்ததைவிடவும் அதிகம்!

அதனால் பெரியவரிடம் ஒரு பிளாஸ்டிக் சறுக்குப் பலகை இருந்தது. உறைந்த ஏரியில் மீன் பிடிக்கப் போகிறவர்கள் சாமான் இழுத்துப் போவது. மானை அதில் ஏற்றினால் பாரம் பாதியானது போல் வழுக்கிக்கொண்டு வரும். இருபது அடி வைத்தால் ஒரு தடவை நிற்பது என்று கணக்கு. கழுத்தில் ஊதல்; பையில் திசைகாட்டி, தீப்பெட்டி, மாத்திரை. கைப்பேசி அந்தக் காட்டில் எடுபடாது என்று மகன்கள் சேர்ந்து, வானத்திலுள்ள செயற்கைக் கோள் வழியாகச் சேதி அனுப்பும் சிறிய கருவி ஒன்றை வாங்கிக் கொடுத்திருந்தார்கள்.

எல்லாவற்றையும்விட முக்கியமானது ஒரு துண்டுக் காகிதம். எந்த மரத்தடி, எந்தச் சாலையில் கார், எத்தனை மணிக்குத் திரும்புவது என்று எழுதிக் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒட்டிவிட்டுத்தான் புறப்படுகிறார். 'இடத்தை மாற்ற மாட்டேன்' என்று அதில் ஒரு வரி. அதன் கீழே கையெழுத்து! அது மனைவி போட்ட நிபந்தனையாம்.

சனிக்கிழமை மாலை

சனிக்கிழமை விடியற்காலை நான்கரை மணிக்கு அவர் கிளம்பிப் போனார். உஷ்ணமானி 18 டிகிரி காட்டிற்று. ஃபாரன்ஹீட் கணக்கில்தான்; தண்ணீர் உறைவதே 32-இல். ஆறரை மணிக்கு மேல் எங்கெங்கோ 'டப், டப்' என்று வெடிச் சத்தம் கேட்டது, தூரத்தில் தீபாவளி போல.

நானும் அந்த அம்மாளும் குடிலில் இருந்தோம். அவர் கம்பளி பின்னினார். நான் ஜன்னலைப் பார்த்தேன். அந்தப் பக்கத்தில் நவம்பர் கடைசியில் மாலை நாலரை மணிக்கெல்லாம் சூரியன் மறைந்துவிடுகிறது. நாலரை ஆயிற்று, வெளியே நீலம் பரவிற்று. ஐந்து ஆயிற்று, நீலம் கருப்பாயிற்று. அந்த அம்மாள் பின்னுவதை நிறுத்தவில்லை. ஆனால் ஊசி ஒரே வரிசையைப் பின்னுவதும் பிரிப்பதுமாக இருந்ததை நான் கவனித்தேன்.

"ஐந்தரைக்கு மேல் ஒரு நிமிஷம் ஆனால் ஷெரிஃபுக்குப் போன் பண்ணுவேன். அப்படித்தான் பேச்சு" என்றார்.

"எப்போதாவது பண்ணியிருக்கிறீர்களா?"

"ஒரு தடவை எண்ணைச் சுழற்ற ஆரம்பித்தேன். வாசலில் பூட்ஸ் சத்தம் கேட்டது."

"போகவேண்டாம் என்று சொல்லக் கூடாதோ?"

அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். "ஐம்பது வருஷமாக அந்த மனிதரை எனக்குத் தெரியும். போக விட்டால் ஒன்பது நாள் பயம். போகாமல் வைத்தால் வருஷம் முழுவதும் பயம்."

ஐந்து பத்துக்குக் காரின் வெளிச்சம் ஜன்னலில் அடித்தது. அந்த அம்மாள் எழுந்திருக்கவில்லை. பின்னலைப் பார்த்தபடியே, "சூப் அடுப்பில் இருக்கிறது" என்று மட்டும் சொன்னார்.

பெரியவர் கை வெறுங்கையாக இருந்தது. சூப்பைக் குடித்துக்கொண்டே விவரம் சொன்னார். காலையில் இரண்டு பெண் மான்கள் வந்தன. இந்த வருஷம் அவரிடம் கலைமானுக்கு மட்டுமே அனுமதி. பிறகு ஒரு சின்னக் குருவி வந்து துப்பாக்கிக் குழாயின் மேலேயே உட்கார்ந்துவிட்டுப் போயிற்று. மூன்றரை மணிக்கு வந்தது ஒரு கலைமான். எட்டுக் கிளைக் கொம்பு. ஓடைக்கு அப்பால், சதுப்பு நிலத்தின் ஓரத்தில், 120 கஜத்தில், பக்கவாட்டாக அசையாமல் நின்றதாம்.

"சுடவில்லையா?"

"சுடவில்லை."

"குறி தப்பும் என்றா?"

"அந்தக் குறி எனக்குத் தப்பாது." அதில் மட்டும் கொஞ்சம் மிடுக்கு இருந்தது. "விசையை அழுத்துவதற்கு முன்னால், அந்த மானை அங்கிருந்து கார்வரை மனத்துக்குள் ஒரு தடவை இழுத்துப் பார்ப்பது என் வழக்கம். சதுப்பில் இறங்க வேண்டும். ஓடையைத் தாண்ட வேண்டும். ஒரு மணிக்குள் இருட்டு. அடிபட்ட மான் உடனே விழாமல் ஓடினால், அதைத் தேடி முடிக்காமல் வீட்டுக்கு வரக் கூடாது. அது வேட்டைக்காரன் கடமை. அத்தனையும் நினைத்துப் பார்த்தேன். மனசுக்கே மூச்சு வாங்கிற்று. துப்பாக்கியை இறக்கி மடியில் வைத்துக்கொண்டேன். ஐந்து நிமிஷம் அது நின்றது, நானும் பார்த்தேன். பிறகு வாலைத் தூக்கிக் காட்டிவிட்டுப் போய்விட்டது."

நான் அந்த அம்மாளைப் பார்த்தேன். பின்னல் ஒழுங்காக நகர்ந்துகொண்டிருந்தது.

யாருக்கு இறைச்சி?

திங்கட்கிழமை அவருக்கு ஒரு மான் கிடைத்தது. இளங்கலை, கொம்பு இன்னும் கிளைவிடவில்லை. மரத்தடியிலிருந்து ஐம்பது கஜத்தில் விழுந்தது. 400 கஜம் இழுத்து வர ஒரு மணி நாற்பது நிமிஷம் ஆயிற்று என்றார். (சைவ நேயர்கள் இந்தப் பாராவைத் தாண்டிப் போய்விடலாம்.) மறுநாள் மாலை ஐந்து மணிக்குள் சர்க்காருக்குத் தகவல் பதிய வேண்டும், போனிலேயே பதியலாம். மானின் தலையைப் பரிசோதனைக்குக் கொடுத்தார். அங்குள்ள மான்களிடையே 2002-இல் ஒரு மூளை நோய் கண்டுபிடிக்கப்பட்டது. மனிதருக்கு அது ஒட்டியதாக இதுவரை தெரியவில்லை. என்றாலும், நோய் கண்ட மானின் இறைச்சியைச் சாப்பிட வேண்டாம் என்பது சுகாதார நிபுணர்களின் யோசனை. முடிவு வந்ததும் பாதி அவர் வீட்டுக்கு. மீதி, இனிக் காட்டுக்குப் போக முடியாத இரண்டு கிழவர்கள் வீட்டுக்கு.

இறைச்சியை முதியோருக்குப் பங்கிடும் வழக்கத்தை, வெள்ளைக்காரர் வருவதற்கு முன்பே அந்தக் காட்டில் வாழ்ந்தவர்களிடம் இன்னும் நன்றாகப் பார்க்கலாம். ஹேவர்டுக்குப் பக்கத்திலேயே ஓஜிப்வே ஆதிகுடிகளின் பூமி இருக்கிறது. 1837, 1842 ஒப்பந்தங்களில் நிலத்தைக் கொடுத்தபோதும் வேட்டையாடும் உரிமையை அவர்கள் விட்டுக் கொடுக்கவில்லை. நெடுநாள் மறுக்கப்பட்ட அந்த உரிமையை 1983-இல் நீதிமன்றம் மீண்டும் உறுதிப்படுத்திற்று. மானுக்கு அவர்கள் மொழியில் 'வாவாஷ்கேஷி' என்று பெயர். சொல்லிப் பாருங்கள், வாய்க்கு இதமாக இருக்கும். மானை எடுத்தால் மண்ணில் கொஞ்சம் புகையிலை வைத்து நன்றி சொல்வார்கள். பையன் முதன் முதலாக அடித்த மானை ஊர்ப் பெரியவர்களுக்குக் கொடுப்பது மரியாதை. அங்கே வயதானவனுக்குக் காட்டுக்குப் போகக் கால் இல்லாவிட்டாலும், காடு அவன் வீட்டுக்கு வந்துவிடுகிறது.

மற்றவர்கள் நிலைமை அப்படியில்லை. 2000-ஆம் வருஷத்தில் விஸ்கான்ஸினில் துப்பாக்கி மான் லைசென்ஸ் வாங்கியவர்கள் ஏழு லட்சத்தை நெருங்கினார்கள். இன்றைக்கு அது ஐந்தரை லட்சம். இரண்டாவது மகா யுத்தத்துக்குப் பிறகு பிறந்த பெருங்கூட்டம் அறுபதைத் தாண்டி, எழுபதைத் தாண்டி, ஒவ்வொருவராகத் துப்பாக்கியை மாட்டி வைக்கிறது. பிள்ளைகள் பட்டணத்தில். இதில் ஒரு விசித்திரம் பாருங்கள்: 1937-இல் வந்த ஒரு சட்டப்படி, வேட்டைத் துப்பாக்கிக்கும் தோட்டாவுக்கும் 100-க்கு 11 வீதம் வரி. அந்தப் பணம் வனவிலங்குகளைக் காக்கவே செலவாகிறது. மானைச் சுடும் கிழவர் குறைந்தால் மானைக் காக்கும் பணமும் குறையும்!

சர்க்காரும் கிழவர்களை எளிதில் விடுவதாக இல்லை. நாணை இழுத்துப் பூட்டி வைத்துக்கொண்டு, துப்பாக்கி போல் விசையைத் தட்டி அம்பு விடும் குறுக்கு வில் ஒன்று உண்டு. தோள் தளர்ந்தவர்களுக்கு அது வரப்பிரசாதம். முதலில் முதியோருக்கும் உடல் ஊனமுற்றோருக்குமே அதற்கு அனுமதி; 2014 முதல் எல்லோருக்கும் திறந்துவிட்டார்கள்.

"நீங்கள் எப்போது நிறுத்துவீர்கள்?" என்று பெரியவரைக் கேட்டேன்.

"என் அப்பா எழுபத்தெட்டில் நிறுத்தினார். யாரும் சொல்லவில்லை. ஒருநாள் காலையில் துப்பாக்கியை என்னிடம் நீட்டி, 'இது வர வரக் கனக்கிறது' என்றார். ஏழு ராத்தல் துப்பாக்கிதான். ஐம்பது வருஷமாக அதே ஏழு ராத்தல்தான். அன்றைக்கு அவர் குடிலில் இருந்து எங்களுக்குச் சமைத்துப் போட்டார். அதற்குப் பிறகு பத்து வருஷம் அவர்தான் சமையல்."

கொஞ்ச நேரம் அடுப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். "எனக்குச் சமையல் வரும். சாப்பிடத்தான் ஆள் வேண்டும்" என்றார்.

நீங்கள் போனால்...

நவம்பர் கடைசியில் விஸ்கான்ஸின் பக்கம் போகும் வாய்ப்பு உங்களுக்கும் கிடைக்கலாம். மினியாபொலிஸிலும் சிகாகோவிலும் மகனோ மகளோ வேலை பார்க்கும் குடும்பங்கள் நம்மிடையே எத்தனையோ! அவர்களிடம் சொல்லி ஒருநாள் வடக்கே அழைத்துப் போகச் சொல்லுங்கள். ஏரிகள் உறைய ஆரம்பித்திருக்கும்; பைன் மரம் மட்டும் பச்சையாக நிற்கும்; அந்த நிசப்தத்தைக் காது கொடுத்துக் கேட்கலாம். காட்டுக்குள் காலாற நடக்க நினைத்தால் கடையில் ஓர் ஆரஞ்சு மேல்சட்டையும் தொப்பியும் வாங்கிப் போட்டுக்கொள்ளுங்கள். அழகு பார்க்காதீர்கள், புடவைமேலும் போடலாம்.

நடக்கும்போது மரத்தடியில் ஓர் ஆரஞ்சுத் தொப்பி அசையாமல் இருப்பதைக் கண்டால், கூப்பிடாதீர்கள். அவருக்குத் தெரியும்படி கையை மட்டும் உயர்த்திக் காட்டிவிட்டு, வந்த வழியே ஓசைப்படாமல் திரும்பிவிடுங்கள். அவர் காத்திருப்பது மானுக்காக மட்டும் அல்ல.

ஆனால் மண்சாலை ஓரத்தில் அவருடைய பழைய கார் நிற்குமே, அதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் திரும்பி வரும்போது நன்றாக இருட்டிவிட்டது, கண்ணாடியில் உறைபனி படிந்திருக்கிறது, கார் இன்னும் அங்கேயே நிற்கிறது என்றால், 'நமக்கென்ன' என்று போய்விடாதீர்கள். அடுத்த வீட்டுக் கதவைத் தட்டிச் சொல்லுங்கள். எங்கோ ஒரு குடிலில் ஓர் அம்மாள் ஒரே வரிசையைப் பின்னிப் பின்னிப் பிரித்துக்கொண்டிருப்பாள்.